பென்டிரைவில் ஏறினால் ஃபைல் பூட்டு காணாமல் போகிறது, வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். டிசைன் ஃபைல்கள் என் பொறுப்பு. பட்டறையில் விண்டோஸ், ஏற்காட்டில் என் வீட்டில் உபுண்டு லினக்ஸ். மலையில் நெட் இழு இழு என்று இழுக்கும், அதனால் பென்டிரைவ்தான்.

முடிந்த டிசைனை யாரும் மாற்றாதபடி உபுண்டுவில் 444 (எல்லோரும் படிக்க மட்டும்) என்று பூட்டுகிறேன். பென்டிரைவில் போய்த் திரும்பினால் எல்லாமே 755 (உரியவர் மாற்றலாம்)! பென்டிரைவில் இருக்கும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் லினக்ஸ் அனுமதிகளை எழுதிவைக்க இடமே கிடையாது, மவுண்ட் ஆகும்போது (சிஸ்டத்தோடு இணையும்போது) கொடுப்பதுதான் கணக்கு என்று தட்டுத்தடுமாறிப் புரிந்தது. டார் (பல ஃபைல்களை அனுமதிகளோடு ஒரே ஃபைலாக்குவது) கட்டி எடுத்துப் போனால் உபுண்டுவில் பிரிக்கும்போது சரியாக இருக்கிறது.

விண்டோஸில்தான் தலைவலி. பைத்தான் ஸ்கிரிப்ட்டில் சிஎச்மாட் (அனுமதி மாற்றும் கட்டளை) கொடுத்தால் அங்கே ரீட்-ஒன்லி டிக் மட்டும்தான் விழுகிறது. பட்டறைப் பசங்க ப்ராப்பர்ட்டீஸில் போய் அதை எடுத்துவிடுகிறார்கள் (இதில் மட்டும் கெட்டிக்காரர்கள்). போன வாரம் ஒரு பழைய டிசைன் மேலேயே புதுசை சேவ் செய்துவிட்டார்கள். மாமாவிடம் திட்டு வாங்கியது நான்.

என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் சொந்த ஃபார்மேட்) டிரைவில், யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கிற ஐகேக்கிள்ஸ் கட்டளை வைத்து, பசங்களுக்குத் தனி அக்கவுன்ட் போட்டுப் படிக்க மட்டும் விடலாமா? இரண்டு பக்கமும் ஓடுகிற ஒரே ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கிறதா? வெள்ளிக்கிழமை கீழே இறங்குகிறேன், அதற்குள் சொன்னால் புண்ணியமாப் போகும்.