நாக்ஸோஸா மீலோஸா? இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒண்ணைக் கேன்சல் பண்ணணும்

தேன்மொழி_ச · காலை 10:14
எல்லாருக்கும் வணக்கம். கிரீஸ் போறோம். ஏதென்ஸும் சாண்டோரினியும் முடிவாயிடுச்சு. நடுவுல ஒரே ஒரு தீவுக்குத்தான் நாள் இருக்கு. நாக்ஸோஸா, மீலோஸா? படத்துல பார்த்தா மீலோஸ்தான் மனசை இழுக்குது, அந்த வெள்ளைப் பாறையும் தண்ணியும். ஆனா நாக்ஸோஸ்தான் வசதின்னு ரெண்டு பேர் சொல்றாங்க. ரெண்டு ஊர்லயும் ரூம் போட்டு வச்சிருக்கேன். இன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள ஒண்ணைக் கேன்சல் பண்ணினாதான் காசு திரும்ப வரும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கரையோரம் · காலை 10:31
எந்த மாசம்? எத்தனை ராத்திரி? யார் யார் வர்றீங்க? கார் ஓட்ட ஆள் இருக்கா? இந்த நாலும் தெரியாம ரெண்டுல எதைச் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

வடகாற்று · காலை 10:40
மாசம்தான் முதல் கேள்வி. ஏஜியன் கடல்ல கோடை முழுக்க வடக்கேயிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல உச்சம், போஃபோர்ட் காற்று வேக அளவுல 7, 8 வரைக்கும் போகும். நாக்ஸோஸ்ல நல்ல கடற்கரையெல்லாம் மேற்குப் பக்கம் நீளமா, திறந்து கிடக்கு. காற்று நாள்ல பிளாக்காவில மணல் காலைச் சுரண்டும். அதே காற்றுக்கு மீலோஸ்ல தெற்குக் கரை, அதாவது ஃபிரிப்லாக்கா, பாலியோஹோரி எல்லாம் மலை மறைவுல குளம் மாதிரி கிடக்கும். ஆகஸ்ட்னா கண்ணை மூடிட்டு மீலோஸ். செப்டம்பர் கடைசின்னா மெல்டெமி தணிஞ்சிருக்கும், அப்போ இந்த வித்தியாசம் பெரிசா இருக்காது.

ஏஜியன்வாசி · காலை 11:05
மேடம், இந்த இரண்டு தீவு ஒப்பீடு இங்கே பலமுறை வந்தாகிவிட்டது. கப்பல் வழித்தட வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இவையெல்லாம் அடங்கிய சைக்ளடீஸ் தீவுகளுக்கு ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து போகும் தடங்களில் இரண்டை மட்டும் இங்கே பார்த்தால் போதும். மேற்குத் தடம்: கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மீலோஸ். நடுத் தடம்: பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி. சாண்டோரினி முடிவாகிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் நாக்ஸோஸ் உங்கள் வழியிலேயே இருக்கிறது, மீலோஸ் வழி விலகி இருக்கிறது. நாக்ஸோஸிலிருந்து சாண்டோரினிக்குப் பெரிய கார் கப்பலிலேயே ஏறத்தாழ 2 மணி நேரம். மீலோஸிலிருந்து நேராக ஓடுவது பெரும்பாலும் அதிவேகக் கட்டமரான் படகு. சீசன் முடிய முடிய அதுவும் குறையும்.

கல்லும்_கடலும் · காலை 11:22
வழியில் இருக்கிறது என்பதற்காக ஒரு தீவைத் தேர்ந்தெடுப்பதா? மீலோஸ் முழுக்க எரிமலை. குதிரை லாட வடிவத்தில் நடுவே பெரிய வளைகுடா. சாரகினிகோவின் வெள்ளைப் பாறையைப் பலர் சுண்ணாம்பு என்று எழுதுகிறார்கள். அது எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் இறுகியது, காற்றும் அலையும் வழித்து வழித்து அப்படி வழவழப்பாகியிருக்கிறது. கற்காலத்திலேயே மீலோஸின் கருங்கண்ணாடிக் கல்லை, அப்சிடியனை, கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கத்தி செய்திருக்கிறார்கள். பாலியோஹோரியில் கரை மணலே பூமிச் சூட்டில் கொதிக்கும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கும் வீனஸ் சிலை 1820இல் கிடைத்ததும் இந்தத் தீவில்தான். நாக்ஸோஸில் இருப்பது நல்ல மணல். நல்ல மணல் உலகமெங்கும் இருக்கிறது.

தேன்மொழி_ச · மதியம் 12:50
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். செப்டம்பர் கடைசி வாரம், 3 ராத்திரி. நான், கணவர், பையன் (9 வயசு), மாமியார் (71). மாமியாருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கார் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம், கணவர் சென்னை டிராஃபிக்லயே நல்லா ஓட்டுவார். திரும்புறப்போ சாண்டோரினியில இருந்து ஏதென்ஸுக்கு ஃப்ளைட் புக் ஆயிடுச்சு, காலை 6:50.

கரையோரம் · மதியம் 1:08
இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். முட்டி வலின்னதுமே பாதி முடிவாயிடுச்சு.

மீலோஸ்ல படத்துல பார்க்குற இடமெல்லாம் கால் பலத்தைக் கேட்கிற இடம். ட்ஸிக்ராடோ கடற்கரைக்குக் கயிற்றைப் பிடிச்சு, பாறை இடுக்குல ஏணியில இறங்கணும். கிளெஃப்திகோவுக்குப் பெரும்பாலும் படகுலதான் போவாங்க, படகுலயிருந்து ஏணி வழியா தண்ணியில இறங்கி நீந்தித்தான் குகைக்குள்ள போகணும். அம்மா படகுலயே உட்கார்ந்திருக்கலாம், ஆனா அரை நாளோ முழு நாளோ கடல் ஆட்டம். சாரகினிகோவுல படி இல்லை, ஆனா பாறை மேடு பள்ளமா இருக்கும். ஒரு மரம் கிடையாது, மதியம் வெள்ளைக்கல்லுல வெயில் பட்டுக் கண்ணு கூசும்.

நாக்ஸோஸ்ல ஆயியோஸ் யோர்யோஸ் கடற்கரை ஊரை ஒட்டியே இருக்கு. துறைமுகத்துலயிருந்து சமதரையில பத்துப் பதினஞ்சு நிமிஷ நடை. தண்ணி ரொம்ப தூரத்துக்கு முட்டியளவுதான், 9 வயசுப் பையனுக்கும் 71 வயசு அம்மாவுக்கும் ஒரே இடம் போதும். ரூம் பார்க்கிறப்போ ஒண்ணு மட்டும் கவனிங்க: "பழைய ஊர்", "காஸ்ட்ரோ"ன்னு போட்டிருந்தா வேண்டாம். கோட்டைக்குள்ள சந்தெல்லாம் ஏத்தம், படி, உருண்டைக்கல். பெட்டியை உருட்டவே முடியாது.

பெர்மிட்_பாலு · மதியம் 1:30
கார் விஷயத்துல முக்கியமானதைச் சொல்லலையே. கணவர்கிட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருக்கா? இந்திய லைசென்ஸ் மட்டும் கிரீஸ்ல செல்லாது, ரெண்டும் சேர்த்துக் காட்டணும். பெர்மிட் இல்லாமலே யாராவது சாவி கொடுத்தாலும், விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கை கழுவிடும். பரிவாஹன் தளத்துல படிவம் 4ஏ, கூடவே பாஸ்போர்ட் நகல். ஆர்.டி.ஓ.வுல கொடுப்பாங்க, ஒரு வருஷம் செல்லும். கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிடணும்.

இன்னும் ரெண்டு. அங்கே சாலையில வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம். ஆட்டோமேட்டிக் வண்டி தீவுகள்ல குறைச்சல், கியர் வண்டின்னா வலது கையால கியர் மாத்தணும். ரெண்டாவது, மீலோஸ்ல மேற்குப் பாதி மண் ரோடு. வாடகை ஒப்பந்தத்துல "தார் ரோட்டுல மட்டும்"னு போட்டிருப்பாங்க. டயர், அடிப்பாகம் போனா உங்க காசு.

ஏஜியன்வாசி · மதியம் 2:02
பெர்மிட் இல்லையென்றால் விவாதமே முடிந்தது. நாக்ஸோஸில் துறைமுகத்தின் எதிரிலேயே பஸ் நிலையம். ஆயியோஸ் ப்ரோகோபியோஸ், ஆயியா அன்னா, பிளாக்கா என்று கடற்கரை வரிசையாக ஒரே பஸ்ஸில் போகலாம். டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே ஹால்கி, ஃபிலோட்டி, அபிரான்தோஸ் ஊர்களுக்கு ஒரு நாளைக்குச் சில பஸ்களே. திரும்பும் நேரத்தைப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹால்கி சமதரை, அங்கே அம்மாவை அழைத்துப் போகலாம். அபிரான்தோஸ் வேண்டாம், தெருவெல்லாம் பளிங்குக்கல், ஏற்ற இறக்கம், வழுக்கும். துறைமுகத்தில் நிற்கும் போர்ட்டாரா வாசல் கட்டி முடிக்கப்படாத அப்போலோ கோயிலுடையது, கி.மு. 6ஆம் நூற்றாண்டு. கிட்டே போகக் கொஞ்சம் கல் பாதை ஏற வேண்டும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் நன்றாகத் தெரியும்.

கப்பல்_கணேசன் · மதியம் 2:25
ஏதென்ஸ்லயிருந்து அதிவேகப் படகு எடுக்காதீங்க. நேரம் மிச்சம்னு தோணும். ஆனா அது மூடின பெட்டி, வெளியே நிற்கத் தளம் கிடையாது, அலைன்னா பாதிப் பேர் கையில வாந்திப் பை இருக்கும். காற்று ஏறினா முதல்ல நிறுத்துறதும் அதைத்தான். பெரிய கார் கப்பல் பிரேயஸ்லயிருந்து நாக்ஸோஸுக்கு 5, ஐந்தரை மணி நேரம். ஆனா ஆடாம போகும், டிக்கெட்டும் மலிவு.

ஏறுறது எப்படின்னா: கப்பல் பின்பக்கமா வந்து கரையில பலகையை இறக்கும். காரும் ஆளும் ஒரே வாசல். உள்ளே கார் தளத்துல இரும்புத் தட்டுகள்ல தீவுப் பேர் எழுதியிருக்கும், "நாக்ஸோஸ்" தட்டுல பெட்டியை வைங்க, பாரோஸ் தட்டுல வச்சுட்டா இறங்குறப்போ தேடணும். அம்மாவுக்கு லிஃப்ட் வேணும்னு அங்கேயே ஊழியர்கிட்ட சொல்லுங்க. தீவுல கப்பல் ரொம்ப நேரம் நிற்காது. அறிவிப்பு வந்ததுமே கீழே வந்து நிற்கணும்.

வடகாற்று · மதியம் 2:41
பொதுவா எல்லா அதிவேகப் படகையும் ஒதுக்க வேண்டாம். கடல் அமைதியா இருந்தா முட்டி வலிக்காரங்களுக்கு 5 மணி நேரத்தைவிட மூணு, மூணரை மணி நேரம்தான் நல்லது. ஒரு வாரம் முன்னாடி காற்று முன்னறிவிப்பைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

கப்பல்_கணேசன் · மதியம் 2:50
அந்த ஒரு வாரத்துல டிக்கெட் இருக்கும்னு என்ன உறுதி? கப்பல் ரத்தானா டிக்கெட் காசு திரும்பும், இல்லேன்னா அடுத்த கப்பல்ல ஏத்துவாங்க. போன ஹோட்டல் காசும் விட்ட ஃப்ளைட்டும் திரும்பாது. அதனாலதான் 6:50 ஃப்ளைட்டுக்கு முதல் நாள் இல்லை, ரெண்டு நாள் முன்னாடியே சாண்டோரினி போயிடணும்.

அடுப்பங்கரை · மாலை 4:10
சாப்பாட்டை யாரும் பேசலையே. சுத்த சைவம்னா தைரியமா போகலாம். ஃபாவா கேளுங்க: மஞ்சள் பருப்பை வேகவச்சு மசிச்சு, மேல ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம், எலுமிச்சை. நம்ம பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும். ப்ரியாம் (கத்திரி, உருளை, சுரைக்காய் இனத்துக் காய் அடுப்புல வெந்தது), யிகாந்தேஸ் (மொச்சை மாதிரி பெரிய வெள்ளை பீன்ஸ்), ஹோர்த்தா (வேகவச்ச கீரை). யெமிஸ்தா, அதாவது அரிசி அடைச்ச தக்காளி, குடைமிளகாய்: இதுல சில இடத்துல கறி சேர்ப்பாங்க, "ஓர்ஃபானா"ன்னு கேட்டா கறி இல்லாதது.

மாட்டிக்கிற இடம் மூணு. அவ்கோலேமோனோங்கிற சாஸ்ல முட்டை. கீரை அடைச்ச பேஸ்ட்ரி ஸ்பனகோபிட்டாவுல பெரும்பாலும் முட்டை. "நிஸ்தீசிமோ"ன்னா விரதச் சாப்பாடு, கறி பால் முட்டை இல்லை, ஆனா இறாலும் கணவாயும் விரதத்துக்கு ஆகும்னு வச்சிருக்காங்க. அதனால "ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி, ஹோரிஸ் தலஸினா, ஹோரிஸ் அவ்கோ" (கறி, மீன், இறால் கணவாய் வகை, முட்டை இல்லாம) ஒரு சீட்டுல கிரேக்கத்துல எழுதிக் காட்டுங்க. நாக்ஸோஸ் உருளைக்கிழங்குக்கு அந்த நாட்டுல தனிப் பேர் உண்டு. சமையல் மேடை இருக்கிற அறையா எடுத்தா ராத்திரி ரசம் வச்சுக்கலாம்.

மருந்துப்பை · மாலை 4:32
ஃபாவா கொடுக்கும் முன் ஜி6பிடி என்ற நொதியின் பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

அடுப்பங்கரை · மாலை 4:45
பேர்தான் ஒண்ணு, பண்டம் வேற. ஜி6பிடிக்காரங்க தொடக்கூடாதது விசியா ஃபாபா, அதாவது ப்ராட் பீன்ஸ், அதைக் கிரேக்கத்துல "கூக்கியா"ம்பாங்க. தட்டுல வர்ற ஃபாவா மஞ்சள் பட்டாணிப் பருப்பு.

கல்லும்_கடலும் · மாலை 5:03
சாண்டோரினி ஃபாவா பட்டாணி அல்ல. அது லத்திரஸ் கிளைமெனம் என்ற வேறு பருப்புச் செடி. நம் ஊரில் 1961இல் விற்பனைக்குத் தடை வந்த கேசரிப் பருப்பும் அதே பேரினம்.

மருந்துப்பை · மாலை 5:15
அப்படியென்றால் கால் முடக்கம் வருமே? முட்டி வலி உள்ளவருக்கு அதைப் போய்ப் பரிந்துரைக்கலாமா?

அடுப்பங்கரை · மாலை 5:28
முட்டி வலிக்கும் அந்த முடக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. பஞ்ச காலத்துல மாசக்கணக்கா கேசரிப் பருப்பையே முக்கிய உணவா சாப்பிட்டவங்களுக்கு வந்த நரம்பு நோய் அது. ரெண்டு நாள் ஒரு கிண்ணம் சாப்பிட்டு வர்றது இல்லை.

நெறியாளர் · மாலை 5:40
பருப்பு விவாதத்தைத் தனி இழையில் தொடருங்கள். கேட்டவருக்கு நள்ளிரவு வரைதான் நேரம்.

கல்லும்_கடலும் · மாலை 6:20
பெர்மிட் உறுதியில்லாமல், படி ஏறவும் முடியாத நிலையில் நாக்ஸோஸ்தான் சரி, ஒப்புக்கொள்கிறேன். எரிமலை ஆசை சாண்டோரினியிலேயே தீரும். அங்கே அக்ரோத்திரி அகழ்வாய்வுத் தளத்தை விடாதீர்கள். கூரை போட்டு, உள்ளே நடைபாதை அமைத்திருக்கிறார்கள், வெயிலும் கிடையாது. சாண்டோரினி ஹோட்டலுக்கு இன்றே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "சாலையிலிருந்து அறை வரை எத்தனை படி?" கால்டெரா (எரிமலைப் பெரும்பள்ளம்) விளிம்பில் இருக்கும் குகை அறைகளுக்குப் பல இடங்களில் ஐம்பது, நூறு படி இறங்க வேண்டியிருக்கும். படத்தில் அது தெரியாது.

தேன்மொழி_ச · இரவு 11:38
மீலோஸ் கேன்சல் பண்ணியாச்சு. பெர்மிட் இல்லை, அதனால கார் இல்லை. நாக்ஸோஸ்ல ஆயியோஸ் யோர்யோஸ் பக்கம் தரைத்தள அறை, சமையல் மேடையோட. சாண்டோரினி ஹோட்டல்ல கேட்டேன், 64 படியாம்! அதையும் மாத்திட்டேன், கமாரியில எடுத்திருக்கேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கப்பல்_கணேசன் · இரவு 11:52
கமாரி நல்ல முடிவு, ஏர்போர்ட்டுக்கும் பக்கம். நாக்ஸோஸ்லயிருந்து சாண்டோரினிக்கு எந்தக் கப்பல் எடுத்தீங்க? ராத்திரி போய்ச் சேர்றதுன்னா ஆதினியோஸ் துறைமுகத்துல வண்டி முன்கூட்டியே சொல்லி வைங்க, பஸ் அந்தத் தீவோட முக்கிய ஊர் ஃபீரா வரைக்கும்தான் போகும், கமாரிக்கு அங்கே மாறணும். 6:50 ஃப்ளைட்டுக்கும் டாக்ஸியை முதல் நாளே ஹோட்டல்ல எழுதி வச்சிடுங்க.