ஞாயிறு இரவு 4 வீகன் விருந்தாளிகள், வீட்டில் இருப்பதெல்லாம் மீன் சட்டி

உப்புவெளி மாமி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகள் கனடாவில் இருந்து வந்திருக்கிறாள், கூட மூன்று சிநேகிதிகள். நிலாவெளியில் அறை எடுத்துத் தங்கி, விடியக்காலையில் திமிங்கிலம் பார்க்கப் படகில் போவது, பின்னேரம் கடலில் குளிப்பது என்று திரிகிறார்கள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசையாகச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் மெல்ல, "மாமி, நாங்கள் நாலு பேரும் வீகன்" என்கிறாள். அதுக்கென்ன, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மாதிரி மரக்கறி வைத்தால் போச்சு என்றேன். அது காணாதாம். பால், தயிர், நெய், முட்டை ஒன்றும் ஆகாது, தேன் கூட ஆகாதாம்.

எங்கள் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியாது. மாமியாருக்கு விருந்து என்றால் வாசலிலேயே நெய் மணக்க வேண்டும். இவருக்கு மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. மகனோடு சேர்த்து நாங்கள் நாலு பேர், அவர்கள் நாலு பேர், ஆக 8 பேருக்குச் சமையல். காஸ் அடுப்பில் ஒரு பக்கம் நினைத்தால் எரியும், நினைத்தால் எரியாது. ஃபிரைட் ரைஸும் சோயா மீட் டெவலும் செய்துவிட்டால் சுகம் என்று யோசிக்கிறேன். சரியாக வருமா? இன்னொன்று, என் மண் சட்டி எல்லாம் வருடக்கணக்காக மீன் காய்ச்சிய சட்டி. அதில் சமைத்துக் கொடுக்கலாமா, அல்லது புதுச் சட்டி வாங்க வேண்டுமா?

அம்மிக்கல் எழுதியது:

அக்கா, தயவுசெய்து ஃபிரைட் ரைஸ் வேண்டாம். அது அவர்களுக்கு அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். இவ்வளவு தூரம் மாமி வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குச் சோயா மீட்டா கொடுப்பது? நாங்கள் இரவில் சாப்பிடுகிற சாப்பாட்டை ஒருதரம் யோசித்துப் பாருங்கள். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அரிசி மா, தண்ணீர், உப்பு, தேங்காய், வெங்காயம், மிளகாய், தேசிக்காய். இதில் எங்கே பாலும் முட்டையும் இருக்கிறது? எங்களுக்குப் பால் என்றாலே பாதி நேரம் தேங்காய்ப்பால்தான். கூட ஒரு பருப்பு, கத்தரிக்காய் பொரித்த குழம்பு, விருப்பம் என்றால் முருங்கையிலை வறை. அதற்கு மேல் போகாதீர்கள், உங்கள் ஒற்றை அடுப்புக்கு அது போதும்.

சொதி எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் விருந்து என்றால் கை நடுங்கும், அதனால் சொல்கிறேன். சின்ன வெங்காயம், கீறின பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு, எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் அவிய விடுங்கள். உருளைக்கிழங்கு ஒன்றிரண்டு வெட்டிப் போட்டால் வயிறு நிறையும். வெங்காயம் வெந்த பிறகு அடுப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு அகப்பையால் ஆற்றிக்கொண்டே நில்லுங்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கும், அவ்வளவுதான், கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். ஃபோனைப் பார்த்தீர்களோ திரைந்துவிடும். தேசிப்புளி இறக்கி வைத்துக் கொஞ்சம் சூடு தணிந்த பிறகு. நான் கலியாணம் கட்டின புதிதில் அடுப்பில் வைத்தபடியே புளியைப் பிழிந்து, மாமியாருக்கு முன்னால் சட்டியோடு அவமானப்பட்டவள்.

எங்கள் பக்கத்தில் சிலர் ருசிக்கு என்று கடைசியில் பசுப்பாலும் கொஞ்சம் விடுவார்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.

தம்பலகாமத்தான் எழுதியது:

விருந்துக்கு இடியப்பமா? நல்ல நாட்டரிசிச் சோறு போடுங்கள், 3 சுண்டு போட்டால் 8 பேர் வயிறாரச் சாப்பிடலாம். பிலாக்காய்க் கறி, பருப்பு, பொன்னாங்காணி வறை, அப்பளம். 8 பேருக்கு இடியப்பம் பிழிந்தால் கை கழன்றுவிடும் அக்கா, ஆளுக்கு 8 என்றாலே 64 வேண்டும்.

அம்மிக்கல் எழுதியது:

யார் பிழியச் சொன்னது? ஒழுங்கைக்கு ஒழுங்கை அவித்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 70 என்று காலையிலேயே சொல்லி வைத்தால் 7 மணிக்குச் சூடாக வரும். சிவப்பு மாவா வெள்ளை மாவா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இரண்டும் வீகன்தான், ஆனால் சிவப்பு இடியப்பத்துக்குச் சொதி ஊறுகிற மாதிரி வெள்ளைக்கு ஊறாது. இதில் நான் யாரோடும் வாதாடத் தயார். இரவில் சோறு வேண்டாம்.

கிண்ணியாத் தம்பி எழுதியது:

மாமி, நான் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதிக் குசினியில் நாலு சீசன் நின்றவன். வீகன் ஆட்கள் நிறையப் பேருக்குச் சமைத்திருக்கிறேன். பெரிய சாமான்களில் யாரும் பிழை விடுவதில்லை. மாட்டுவது எல்லாம் சின்னச் சாமான்களில்தான்.

முதலாவது மாசி. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் சம்பலைக் காட்டி, இதில் மீன் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் பொடியன், சத்தியமாக இல்லை, மீனே இல்லை என்று சொல்லிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு மீன் என்றால் சந்தையில் கண்ணை முழித்துக்கொண்டு கிடக்கிறது. மாசி வெறும் இடிசம்பல் சாமான், உப்பு மாதிரி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரிக் காயவைத்ததுதான் மாசி என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பெண் பாதிச் சம்பலைச் சாப்பிட்ட பிறகு. அதனால் வீட்டில் முதல் நாள் இடித்து வைத்த சம்பலை எடுத்து வைக்காதீர்கள், கடைச் சீனிச் சம்பல் போத்தலையும் திறக்காதீர்கள். புதிதாக இடியுங்கள். மாசி இல்லாமல் ருசி வராது என்று சொல்வார்கள். செத்தல் மிளகாயைத் தணலில் கொஞ்சம் வாட்டி, பிறகு வெங்காயம், உப்போடு இடித்துத் தேங்காய்ப்பூவைப் போடுங்கள். அந்தப் புகை வாசம் மாசியின் இடத்தை ஓரளவுக்கு நிரப்பும்.

அடுத்தது யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று. தேங்காய்ப்பால் மா. தேங்காய் விற்கிற விலைக்குப் பக்கெட் மாவைக் கரைத்து ஊற்றலாம் என்று தோன்றும். வாங்க முதல் பின்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கள். பல பக்கெட்டுகளில் சோடியம் கேசினேட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது மாட்டுப்பாலில் இருந்து எடுக்கிற புரதம், மா கட்டிபடாமல் கரையச் சேர்ப்பது. முன்பக்கத்தில் தேங்காய்ப் படம், உள்ளே மாட்டுப்பால். தேங்காயையே துருவிப் பிழிந்துவிடுங்கள். சொதிக்கு ஒன்று, பருப்புக்கும் குழம்புக்கும் ஒன்று, சம்பலுக்குப் பாதி. 3 தேங்காய் வாங்கினால் பயமில்லை.

மோர்மிளகாயும் வேண்டாம், பெயரிலேயே மோர் இருக்கிறது, ஆனாலும் பொரித்து வைத்துவிடுவோம். மாஜரின் டப்பாவிலும் சிலதில் பால் சேர்ந்திருக்கும். சோயா மீட் செய்வதாக இருந்தால் உள்ளே வருகிற மசாலாப் பக்கெட்டையும் வாசியுங்கள்.

கடைசியாக, நான் கிண்ணியாக்காரன், தயிருக்குப் பேர் போன ஊர். எருமைத் தயிர் முட்டியும் பாணியும் இல்லாத விருந்தை நாங்கள் விருந்து என்று சொல்வதில்லை. நானே சொல்கிறேன், தயிரை வைக்காதீர்கள். கித்துள் பாணியை வைக்கலாம், அது மரத்துப் பாணி, தேன் இல்லை.

கடலோரத்தான் எழுதியது:

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். இவர்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிரசாதத்துக்கு என்ன செய்வீர்கள்? சர்க்கரைப் பொங்கலில் நெய், பஞ்சாமிர்தத்தில் தேன். அதை விடுங்கள், திருநீறே பசுஞ்சாணத்தில் சுடுவதுதானே, நெற்றியில் பூசுவார்களா? எங்கள் சைவத்தில் இல்லாத என்ன புதுசு இதில்?

கிண்ணியாத் தம்பி எழுதியது:

திருநீறு சாப்பாடு இல்லையே அண்ணை :) புதுசு என்று கேட்டால், பெரிய புதுசும் இல்லை. 1944இல் இங்கிலாந்தில் மரக்கறிக்காரர் கொஞ்சப் பேர், இறைச்சியை விட்டது போதாது, பாலும் முட்டையும் வேண்டாம் என்று பிரிந்து போய்த் தங்களுக்கு வைத்த பெயர்தான் வீகன். வெஜிடேரியன் என்ற சொல்லின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டியது. இங்கே சைவம் என்றால் பாலும் நெய்யும் புனிதம், அங்கே அதுவும் மாட்டிடம் இருந்து பறித்தது. கணக்கு வேறு, அவ்வளவுதான். பிரசாதத்தை ஒரு கிள்ளு வாங்கி உங்கள் கையில் தந்துவிட்டுப் போவார்கள், சாமி கோபிக்காது.

பனங்கட்டி எழுதியது:

யாரும் இனிப்பைப் பற்றிப் பேசவில்லையே. மாமியாரைச் சமாதானப்படுத்த அதுதான் வழி. வட்டிலப்பம் முட்டை, அது சரிவராது, பாயாசம் வையுங்கள். சவ்வரிசியும் வறுத்த பயறும் அவித்து, சர்க்கரையைக் கரைத்து வடித்து ஊற்றி, இறக்குகிற நேரம் முதற்பால், ஏலக்காய். கசுக்கொட்டையையும் முந்திரிகை வற்றலையும் தேங்காயெண்ணெயில் பொரித்துப் போடுங்கள், நெய்யில்தான் பொரிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. குடிக்க இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ.

சட்டி விசயத்தில் நீங்கள் முடிவெடுக்காதீர்கள், அண்ணன் மகளிடம் நேரே கேளுங்கள். சிலர் கழுவின சட்டி என்றால் போதும் என்பார்கள், சிலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் மீன் சட்டியில் சொதி வைத்தால் கழுவினாலும் மணம் வரும், அது எனக்குத் தெரியும். மண் சட்டி குடித்ததை விடாது. புதுசு வாங்கினால் ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, கஞ்சி வடித்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்துப் பழக்கிவிட்டுப் பாவியுங்கள். இன்றைக்கு வெள்ளி, நேரம் இருக்கிறது.

உப்புவெளி மாமி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முடிந்தது, இன்றைக்குத்தான் கையும் காலும் ஓய்ந்தது.

மருமகளிடம் கேட்டேன், "மாமி, கழுவினா காணும்" என்றாள். ஆனாலும் சொதிக்கு மட்டும் ஒரு புதுச் சட்டி வாங்கிப் பழக்கினேன், மற்றது எல்லாம் அலுமினியம். இடியப்பம் வெளியில் சொல்லி எடுத்தோம், 70 சிவப்பு. தம்பி சொன்னது மாதிரி அலுமாரியில் கிடந்த தேங்காய்ப்பால் மாவைத் திருப்பிப் பார்த்தால் அதே பெயர் இருக்கிறது. இவ்வளவு நாளும் நான் கவனித்ததே இல்லை. மூடி வைத்துவிட்டுத் தேங்காய் துருவினேன், மகனைத் திருவலையில் உட்கார வைத்து.

பெரிய கண்டம் பருப்பில்தான் வந்தது. எல்லாம் இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் குசினியில் நெய் வாசம். மாமியார் தாளிதக் கரண்டியோடு நிற்கிறார். "வெறும் பருப்பை எப்படிப் பிள்ளை வைக்கிறது, ஒரு கரண்டிதான் விட்டனான்." என்ன சொல்வது? அந்தச் சட்டியை எங்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு, அரை மணித்தியாலத்தில் திரும்ப மைசூர்ப் பருப்பை அவியப் போட்டேன். நல்ல காலம், அது கெதியில் அவியும். அடுப்பின் மற்றப் பக்கமும் அன்றைக்கு எரிந்தது. வந்த பிள்ளைகளுக்கு இதை ஒளிக்காமல் சொன்னேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் மாமியாருக்கும் கோபம் போய்விட்டது.

சம்பல் முதலில் முடிந்தது. தணலில் வாட்டிய மிளகாய் வேலை செய்தது, இவர் கூட மாசி போட்டதா என்று கேட்டார். சிநேகிதி ஒருத்தி சொதியைக் கிளாசில் ஊற்றிக் குடித்தாள், சூப்பாம். கத்தரிக்காய்க் குழம்புக்கு எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள். பொரித்துவிட்டுத்தான் பழப்புளியில் போட வேண்டும் என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினேன். பாயாசம் கொஞ்சம் இறுகிவிட்டது, சவ்வரிசி கூடிப்போச்சு, பனங்கட்டி அக்கா அளவு சொல்லவில்லை.

இவர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களோடு இருந்து, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். எனக்கே ஆச்சரியம். இரவு 11 மணிக்குக் குசினியில் சத்தம் கேட்டு எழும்பிப் போய்ப் பார்த்தால், மிஞ்சின இடியப்பத்துக்கு மத்தியான மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு இருட்டுக்குள் நிற்கிறார்.