அன்னபூர்ணா தேவி – ரவிசங்கர்: நீங்கள் கேட்டது, பார்த்தது

கேசட்பிரியன்:
சுர்பஹார் (தாழ்ந்த நாதம் தரும் பெரிய சிதார்) வாசித்த அன்னபூர்ணா தேவிக்கும் சிதார் மேதை ரவிசங்கருக்கும் 1941-ல் கல்யாணம், அம்மாவுக்கு 14, ரவிசங்கருக்கு 21. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். என்னை விடாமல் துரத்துவது இருவரும் சேர்ந்து வாசித்த அந்த யமன் கல்யாண் ராக ஜோடிப் பதிவு. நண்பன் வீட்டில் போட்டுக் காட்டினான். ஒரே இரைச்சல். சிதார் ஓய்ந்த இடத்தில் சுர்பஹார் எடுத்துக்கொண்டு, ஒற்றைத் தந்தியை இழுத்து இழுத்து கீழ் ஸ்தாயிக்குக் கொண்டுபோனது. நண்பன் கையில் இருந்த காபி ஆறியே போச்சு. 1950-களில் இவர்கள் சேர்ந்து வாசித்தபோது கைதட்டல் யாருக்கு விழுந்திருக்கும் என்று கேட்கவா வேண்டும்? தன்னைப் பாராட்டினால் கணவருக்குப் பிடிக்கவில்லை என்று அந்த அம்மாவே பின்னாளில் சொன்னாரே. அவர் மேடையை விட்டதற்கு அந்த மனுஷன்தான் காரணம்.

மாட்டுங்கா மாமி:
அன்னபூர்ணா தேவி குடியிருந்த மும்பை ஆகாஷ் கங்கா கட்டடம். வாசலில் அந்தப் பிரசித்தி பெற்ற பலகை: மணியை மூன்று முறைதான் அடிக்கலாம், திறக்காவிட்டால் பெயர், முகவரி வைத்துவிட்டுப் போகலாம். திங்கள், வெள்ளியில் கதவே திறக்காது. நாங்கள் போனது புதன். இரண்டு முறை அடித்தோம். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிதார் சட்டென்று நின்றது. மூன்றாவதுக்குத் தோழி கையைத் தூக்கினாள், நான் அவளை லிஃப்டுக்கு இழுத்து வந்துவிட்டேன். சிதார் நிகில் பானர்ஜியும் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவும் பாடம் கேட்ட அம்மா! எனக்கு அங்கே என்ன வேலை?

பழைய ரசிகன்:
கேசட்பிரியன், ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். தான் வற்புறுத்தித்தான் அவர் மேடையில் வாசித்தார், தனியாக வாசிக்க அவருக்கே விருப்பமில்லை என்பது ரவிசங்கர் தரப்பு. சென்னையில் ஒருமுறை ரவிசங்கரைப் பார்த்தேன். சுருதி சேர்க்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் இங்கே இருக்கும் இளம் ஜோடிகளுக்கு ஒன்று. வீட்டில் இரண்டு பேரும் வித்வான் என்றால் ஒரே மேடையில் உட்காராதீர்கள். வாத்தியம் வேறாக இருக்கட்டும், சபா வேறாக இருக்கட்டும். விமர்சனத்தைச் சேர்ந்து படிக்கவே படிக்காதீர்கள். சாதகத்துக்கும் ஆளுக்கொரு அறை வேண்டும். யார் கச்சேரிக்கு எவ்வளவு சன்மானம் என்ற பேச்சைச் சாப்பாட்டு வேளையில் எடுக்கவே கூடாது. மாமியார் வந்திருக்கும்போது…

கேசட்பிரியன்:
அறிவுரை யார் சார் கேட்டது? 1982-ல் விவாகரத்தே ஆகிவிட்டது. அதற்குப் பிறகும், 2018-ல் கண்மூடும்வரை, அவர் மேடை ஏறவில்லை. வெறும் கூச்சமா அது? மாமி, உள்ளே என்ன ராகம்?

மாட்டுங்கா மாமி:
நாலு ஸ்வரம்தான் காதில் விழுந்தது. பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் விசில் வேறு.