கண்ணெதிரே மறைவது

சித்ரா: பெரியப்பா, ‘பையன் மிட்டாயை டப்பாவுக்குப் பின்னால் கேமஃப்ளாஜ் செய்தான்’ என்று கவின் எழுதிய ஆங்கில வாக்கியத்தை ஆசிரியை சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். அகராதியில் ‘மறைத்தல்’ என்றுதானே பொருள் போட்டிருக்கிறது?

பெரியப்பா: சுழித்தது சரிதான், சித்ரா. டப்பாவுக்குப் பின்னால் வைத்த மிட்டாய் கண்ணிலேயே படாது. அதற்கு ‘ஹைட்’ போதும், ஏட்டு நடை வேண்டுமென்றால் ‘கன்சீல்’ என்று எழுதலாம். கேமஃப்ளாஜ் செய்த பொருளோ கண்ணெதிரிலேயே இருக்கும். சுற்றியுள்ள நிறத்தோடும் கோடுகளோடும் கலந்துவிடுவதால் அதைத் தனியாகப் பிரித்தறிய முடியாது. ‘உருமறைப்பு’ என்பது அதற்கு நல்ல தமிழ்ச் சொல். மறைவது உருதான், ஆள் அங்கேயேதான் இருக்கிறான்.

முருகன் மாமா: உண்மைதான் மச்சான். நேற்று வேப்பமரத்தில் நான் கை ஊன்றப் போன இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஓணான் ஒன்று பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது தலையை ஆட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கவின்: தாத்தா, புலி ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருக்கிறதே, அது எப்படி உருமறைப்பாகும்?

பெரியப்பா: நல்ல கேள்வி. மானின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் நம்மைப்போல் பிரிந்து தெரியாததால், புல்லுக்கும் புலிக்கும் நிற வேறுபாடு அதிகம் இராது. கறுப்புக் கோடுகளோ உடலின் விளிம்பை உடைத்துவிடும். யாருடைய கண்ணுக்கு என்பதுதான் இங்கே கணக்கு.

கேமஃப்ளாஜ் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முதல் உலகப் போரில், 1915இல், பீரங்கிகளை எதிரியின் கண்ணுக்குத் தப்பவைக்கப் பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைக் கொண்டு தனிப்பிரிவே அமைத்தது. அந்தப் போர்தான் சொல்லை ஆங்கிலத்திலும் பரப்பியது. 1917இல் நார்மன் வில்கின்சன் என்ற ஆங்கிலேய ஓவியரின் யோசனைப்படி கப்பல்களுக்கு வரிக்குதிரைபோலக் கோணல் பட்டைகள் தீட்டினார்கள். கப்பல் ஒளியவில்லை, இன்னும் பளிச்சென்றே தெரிந்தது. ஆனால் அது எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கியில் இருப்பவர் தப்பாகக் கணிக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்கும் ‘டேஸில் கேமஃப்ளாஜ்’, அதாவது கண்ணைக் கூசவைக்கும் உருமறைப்பு, என்றுதான் பெயர். இதனால்தான் வெறும் ‘மறைத்தல்’ என்று போடும் அகராதிகள்மீது எனக்குக் கோபம்.

முருகன் மாமா: இனி வாக்கியத்தைத் திருத்து, கவின்.

கவின்: ‘பையன் பச்சை மிட்டாய்களைப் பச்சைப் பட்டாணிக்குள் கலந்து கேமஃப்ளாஜ் செய்தான்.’

பெரியப்பா: இது சரி.

சித்ரா: நான் போய்ப் பட்டாணி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.