காட்டாட்டுக் கறி ரப்பர் மாதிரி இருக்கு, வாடையும் போகல. எங்கே தப்பு?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் பிறந்து, இப்போ நியூசிலாந்துல வாங்கனூயில இருக்கேன். கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் வேட்டைக்குப் போறவர். போன மாசம் அவருக்குத் தெரிஞ்ச பண்ணைக்காரர், மேய்ச்சல் நிலத்துக்குள்ள காட்டாடு இறங்குதுன்னு கூப்பிட்டார். நானும் தொத்திக்கிட்டேன். துப்பாக்கி அவரோடது, லைசென்ஸ் அவரோடது, சுட்டதும் அவர்தான். சரிவுல தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தது மட்டும் நான். ரெண்டு ஆடு. ஒண்ணு தாடி வெச்ச பெரிய கிடா, இன்னொண்ணு சின்னப் பெட்டை. பெருந்தன்மையா பெரிசை எனக்கே குடுத்துட்டார்.

வீடு வந்து சேர சாயங்காலம் அஞ்சு மணி. வீடியோ பார்த்துத் தோலை உரிச்சேன். கெட்டுப் போயிடுமோன்னு பயம். சூடு ஆறும் முன்னாடியே பெரிய பெரிய துண்டா வெட்டி, கடைப் பையில கட்டி ப்ரீசர்ல அடைச்சுட்டேன். அடுத்த ஞாயிறு குழம்பு வெச்சோம். குக்கர்ல எட்டு விசில் விட்டும் ரப்பர். வாடை வேற. வீட்டம்மா ஜூலை மாசக் குளிர்ல எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சாங்க. மிச்சம் பத்து கிலோ கிடக்கு. ப்ரீசர்ல கீழ் டிராயருக்கு இப்போ "உங்க ஆடு"ன்னே பேர்.

காட்டாடுன்னாலே இப்படித்தானா, இல்ல நான்தான் கெடுத்தேனா? பண்ணைக்காரர் ரெண்டு வாரத்துல மறுபடி வரச் சொல்லியிருக்கார். ஊர்ல அம்மாகிட்ட சொன்னா, "வேட்டையா? போலீஸ் பிடிக்கப் போறாண்டா"ன்னு அழுகை.

சுன்னாகத்தான்:

தம்பி, ஆட்டில பிழை இல்லை. உங்கட கூட்டாளி கெட்டிக்காரன். நல்லதைத் தான் வைச்சுக்கொண்டு தாடிக்காரனை உங்கட தலையில கட்டிப்போட்டார்.

நான் இஞ்ச வந்து 22 வருஷம். முதல் ஆறு வருஷம் இறைச்சித் தொழிற்சாலையில கத்தியும் கையுமா நிண்டனான். அதால கொஞ்சம் விரிவா எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

முதல் வாடை. அந்த மொச்சை மணம் இறைச்சியை விட மயிரிலயும் தோலிலயும்தான் கூட. கிடாய் தன்ர மூத்திரத்தைத் தானே தாடியிலயும் முன்னங்காலிலயும் பீச்சிக்கொள்ளும். அதைப் பிடிச்ச கையால இறைச்சியைப் பிடிச்சா, பிறகு எத்தினை கறுவாப்பட்டை போட்டும் சரிவராது. ஒரு கை தோலுக்கு, மற்றக் கை கத்திக்கு. கத்தியைத் தோலுக்குக் கீழ விட்டு, உள்ளிருந்து வெளியால கீறுங்கோ. அப்ப மயிர் அறுபட்டு இறைச்சியில ஒட்டாது. தோல் கழண்ட உடன கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் மற்ற வேலை. கையில வெட்டுக்காயம் இருந்தா உறை போடுங்கோ, எலிக்காய்ச்சல் இஞ்சயும் இருக்கு.

ஆனா ரப்பர் ஆனதுக்குக் காரணம் வேற. சூடு ஆற முதல் பிரீசருக்க வைச்சியள் பாருங்கோ, அதுதான். உயிர் போன பிறகும் தசை கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். விறைப்பு வந்து முடிய முதல் கடுங்குளிர் பட்டா, தசை சுருங்கி இறுகிப்போகும். பிறகு குக்கர் வெடிக்கிற அளவுக்கு அவிச்சாலும் இளகாது. இதை 1963இல ஆராய்ச்சியில எழுதி வைச்சதே நியூசிலாந்துக்காரர்தான். உறையவைச்சு ஏற்றுமதி செய்த செம்மறி இறைச்சி இறுகிப்போகுது எண்டு இவைக்கு அப்ப பெரிய தலையிடி. காட்டாட்டில கொழுப்பே இல்லை, உடம்பும் சின்னன். குளிர் கெதியா உள்ள இறங்கும்.

அதுக்காக வெயிலில போடச் சொல்லேல்லை. விழுந்த இடத்திலேயே குடலை எடுத்துப்போடுங்கோ, காரில ஏத்தும் மட்டும் வைச்சிருக்காதேங்கோ. இரைப்பையையும் மூத்திரப்பையையும் குத்திப்போடாமல், வயித்துத் தோலை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கீற வேணும். வயிறு திறந்தாத்தான் உள்சூடு வெளியால போகும். அப்பிடியே ஈரலையும் பாருங்கோ. புள்ளி, சீழ்க்கட்டி கண்டா, ஆசைப்படாமல் அந்த ஆட்டை விடுங்கோ.

வீட்டில, இலையான் (ஈ) அண்டாத நிழலில, உங்கட கராஜ் போல இடத்தில அண்டைக்கு இரவு தொங்கட்டும். கோடை எண்டால் இது சரிவராது, அதால நான் கோடையில போறதே குறைவு. அடுத்த நாள் பிரிட்ஜுக்கு: பூச்சியத்தில இருந்து நாலு பாகைக்குள்ள, நாலைஞ்சு நாள். கம்பித்தட்டில வைச்சு, கீழ ஒரு தட்டம். பையால மூடாதேங்கோ, மேல் காய வேணும். இடம் காணாட்டி நாலு காலாப் பிரிச்சு வையுங்கோ. எங்கட ஆக்களுக்கு இறைச்சியைக் கண்டா உடன மஞ்சள் போட்டுக் கழுவவேணும். என்ர மனிசியோட நான் பத்து வருஷம் சண்டை பிடிச்ச விஷயம் இது. கழுவி ஈரத்தோட கட்டினா பனிதான் பிடிக்கும். ஈரத்துணியால துடைச்சு உலர்த்துங்கோ. கழுவுறதைச் சமைக்கிற அண்டைக்குப் பாக்கலாம்.

பிறகு ஒரு நேரக் கறிக்கு ஒரு பொட்டலம். காத்து உறிஞ்சுற மெசின் மலிவாக் கிடைக்கும். எலும்பு முனை பையைக் குத்தும், அதில துணித்துண்டு ஒண்டைச் சுத்திப்போட்டு அடையுங்கோ. எலும்பைக் கோடாலியால கொத்தாமல் வாளால அரிஞ்சா கறியில சில்லு வராது. திகதி எழுதுங்கோ. எலும்புக்கறி ஒரு வருஷம் மட்டும் தாங்கும், அரைச்சது மூண்டு நாலு மாசம்தான்.

அடுத்த முறை உயிரோட 30 கிலோ வரக்கூடிய மறியா, அதுதான் பெட்டையாக் கேளுங்கோ. எலும்போட ஒரு 12 கிலோ தேறும். எங்கட ஊரில ஆடு அடிச்சா பங்கு இறைச்சி எண்டு பனையோலையில வீடு வீடாப் போகும். அது போல நாலு வீட்டுக்குக் குடுங்கோ. ஆனா வேட்டை இறைச்சிக்கு இஞ்ச காசு வாங்கக்கூடாது, பண்டமாற்றும் கூடாது, சட்டம்.

மலைநாடன்:

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்க. நம்ம ஊர்ல காட்டு விலங்கு வேட்டைக்கு 1972 சட்டத்துல தடை. வரையாட்டைத் தொட்டா ஜெயில்தான், அவங்க பயம் நியாயம். அங்கே ஆடு அந்த மண்ணோடது இல்ல. 1770கள்ல கேப்டன் குக் கொண்டு போய் விட்டது, பிறகு குடியேறினவங்க விட்டது. காட்டுல இளங்கன்னு எல்லாத்தையும் மேய்ஞ்சிடுதுன்னு அரசாங்கமே சுட்டுக் குறைக்குது. தெற்குத் தீவு மலையில திரியுற தார் ஆடு நம்ம வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தக்காரன், இமயமலைக்காரன், 1904ல கொண்டு போய் விட்டாங்க. வால்பாறையில வரையாட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைச் சுடுற படம் பார்த்தா என்னவோ மாதிரி இருக்கு. அது என் பிரச்சனை.

பொருநை அக்கா:

நான் ஆக்லாந்து. பத்து கிலோவையும் குழம்பாவே தீர்க்கணும்னு என்ன? தொடைக்கறியை எலும்பு நீக்கி விரல் கனத்துக்கு நீளமா அரிஞ்சு உப்புக்கண்டம் போடுங்க. உப்பு, மஞ்சள், மிளகாத்தூள், இஞ்சி பூண்டு விழுது. ஊர்ல ஆச்சி நூல்ல கோத்துக் கொடியில தொங்கவிட்டு, கம்போட காக்காவுக்குக் காவல் உட்கார்ந்திருப்பா. இங்கே அந்த வெயிலை நம்பாதீங்க. ஒரு தடவை ஜனவரியில முயற்சி பண்ணி, மூணாம் நாள் மழையில எல்லாம் பூசணம். இப்போ முதல்ல ஓவன்ல வெச்சு உள்சூடு 71 டிகிரி தொட்ட பிறகு, டிஹைட்ரேட்டர்ல 60 டிகிரியில கடக்குன்னு ஒடியுற வரைக்கும் காய வெக்கிறேன். பாட்டில்ல போட்டு அதையும் ப்ரீசர்லதான் வெப்பேன். ரசம் சாதத்துக்கு நல்லெண்ணெய்ல பொரிச்சுப் பாருங்க.

வைகைக்கரை:

சுன்னாகத்து அண்ணே, படிக்கப் படிக்க நான் செஞ்சது ஒண்ணுகூட சரியில்லன்னு தெரியுது. அக்கா, உப்புக்கண்டம் கண்டிப்பா உண்டு. ஏற்கெனவே உறைஞ்சு கிடக்கிற பத்து கிலோவை என்ன பண்ண? பக்கத்து வீட்டுக்காரர் நாய்க்குக் கேக்கிறார். அப்புறம், ஆட்டு ரத்தம் பொரிச்சுத் தின்னு வருஷமாச்சு. அடுத்த தடவை பிடிச்சு வரலாமா?

சுன்னாகத்தான்:

ஒரேயடியா எல்லாத்தையும் வெளியில எடுக்காதேங்கோ. ரெண்டு கிலோ ரெண்டு கிலோவா பிரிட்ஜில வைச்சு, ரெண்டு நாள் ஆறுதலா இளக விடுங்கோ. மேல் சவ்வையும் கொழுப்பையும் சீவி எறிஞ்சுபோட்டு, மிச்சத்தை அரைச்சு கொத்துக்கறி, ரோல்ஸ். அரைச்சா இறுக்கம் தெரியாது. இளகினதைப் பச்சையாத் திருப்பி உறைய வைக்காதேங்கோ, சமைச்சு வேணுமெண்டால் வையுங்கோ.

நாய்க்குக் குடல் வகை ஒண்டும் குடுக்கக்கூடாது. இறைச்சி எண்டால் மைனஸ் 10 பாகையில பத்து நாளாவது கிடந்திருக்க வேணும், இல்லாட்டி அவிச்சுக் குடுக்க வேணும். ஆட்டில இருக்கிற நாடாப்புழு நாய்க்குப் போய், நாயால பண்ணைச் செம்மறிக்குப் போகும். உங்களைக் கூப்பிடுற பண்ணைக்காரருக்குத்தான் நட்டம். உங்கட ஆடு ஒரு மாசமா உறைஞ்சு கிடக்குது, குடுக்கலாம்.

பண்ணைக்காரரிட்ட இன்னொண்டும் கேளுங்கோ, கிட்டடியில அங்க நஞ்சு வைச்சவையோ எண்டு. பொசம் எண்ட மரமேறிப் பிராணியைக் கொல்ல வைக்கிறது. அரசாங்கக் காட்டுக்குள்ள போறதெண்டால் அனுமதி எடுக்கேக்க எங்க நஞ்சு போட்டிருக்கெண்டு இணையத்தளத்தில பாக்கலாம். அனுமதிக்குக் காசில்லை.

இரத்தம் வேண்டாம் தம்பி. வெடி பட்ட ஆட்டில அது நெஞ்சுக்குள்ளயே கொட்டி, மயிரும் ஊத்தையும் கலந்திருக்கும். எனக்கும் இரத்த வறை எண்டால் உயிர்தான். இஞ்ச வந்து ஒரு நாளும் செய்யேல்லை.