அச்சின் வழியே பரவிய புனிதர் உருவங்கள்: 'வழியுரு' என்ற சொல் பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் அச்சுப்படத்தைப் பார்த்து வேறொருவர் மீண்டும் செதுக்கிய படத்தைத் தமிழில் 'நகல்' எனக் குறிக்கலாம் என்ற பரிந்துரை எனக்கு நிறைவளிக்கவில்லை. நகல் என்றவுடன் அலுவலகத்தில் மூலத்துக்கு ஈடாக எடுத்து வைக்கும் படியே நினைவுக்கு வருகிறது. 'போலி' என்பதோ ஏமாற்றும் நோக்கத்தை ஏற்றிவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் கத்தோலிக்கத் துறவியான அவிலா நகர்ப் புனித தெரேசாவின் உருவம் ஐரோப்பாவில் பரவிய முறைக்கு இவ்விரண்டும் பொருந்தா.

அவர் உயிரோடிருந்தபோதே, 1576இல் செவில் நகரில், அவரது துறவற சபையான கார்மேல் சபையின் சகோதரர் ஹுவான் தெ லா மிசேரியா அவரை நேரில் பார்த்து வரைந்தார். (தம்மை அழகற்றவராக வரைந்துவிட்டார் என்று தெரேசா கடிந்துகொண்டதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு.) ஆயினும் ஒரு மடத்துச் சுவரில் தொங்கும் ஓவியம் நாடு கடந்து செல்லாது, தாள் செல்லும். அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) கிடைப்பதற்கு ஓராண்டு முன்பே, 1613இல், ஆட்ரியன் கோலார்ட்டும் கொர்னேலிஸ் காலேயும் செப்புத்தகட்டில் செதுக்கிய 25 படங்கள் ஆன்ட்வெர்ப் நகரில் வெளிவந்து, அவர் வாழ்க்கையைக் காட்சி காட்சியாக விரித்தன. பிற ஊர்ச் செதுக்குநர்கள் அவற்றைப் பார்த்துப் புதிய தகடுகள் செய்தார்கள். ஓவியர்கள் அதே காட்சிகளை மடங்களுக்கு வண்ணத்தில் பெரிதாக்கித் தந்தார்கள். அச்சுப்படத்தைப் பார்த்தபடியே தகட்டில் செதுக்கினால், தாளில் வலம் இடமாக மாறி விழும். ஆகவே வலக்கையில் இருந்த பொருள் இடக்கைக்கு மாறியிருப்பதே எது எதிலிருந்து பிறந்தது என்று ஆய்வாளருக்குக் காட்டும் நல்ல தடயமாகிறது.

இந்தப் பிறப்புத் தொடர்ச்சியைச் சொல்லவே நமக்குச் சொல் வேண்டும். நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கிறது. வழிநூல் முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துச் செல்லும், பின்னவர் வேண்டும் வேறுபாட்டையும் ஏற்கும். சார்புநூல் அவ்விரண்டுக்கும் ஒரு பகுதி ஒத்து, மற்றவற்றில் வேறுபட்டுச் செல்லும். இவற்றை இழிந்தவை என்று யாரும் கருதவில்லை. தகட்டுப் படங்களுக்கும் இதுவே நேர்மையான பார்வை என்பதால், முதலுரு, வழியுரு, சார்புரு என்ற மூன்றையும் முன்வைக்கிறேன். 'வழிப்படம்' என்றால் பாதை காட்டும் வரைபடம் என்று மயங்க நேரும். 'உரு' என்பது அச்சுக்கும் ஓவியத்துக்கும் சுரூபத்துக்கும் (புனிதர் சிலைக்கும்) ஒருங்கே பொருந்தும்.

செவில் ஓவியத்தின் முகத்தையும் ஆன்ட்வெர்ப் தொகுதியின் காட்சியையும் இணைத்து ஒருவர் புதிதாக அமைத்த படத்தைச் சார்புரு என்றே கொள்ளலாம் என எண்ணுகிறேன். இதில் மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.