பேராசை பிடித்த திமிங்கில வணிகன்: பாத்திரத்துக்கு உயிர் வரவில்லை

உப்புக்காற்று:
கடலோடிகளின் கற்பனை உலகம் ஒன்றை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தீவு நகரம்; அங்கே விளக்கெல்லாம் எரிவது திமிங்கில எண்ணெயில். நாற்பது வேட்டைக் கப்பல்களுக்குச் சொந்தக்காரன்தான் வில்லன். தொந்தி, மோதிரம், தங்கப்பல் எல்லாம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பொம்மை மாதிரி நிற்கிறான். வாயைத் திறந்தால் "இன்னும் கொல்லுங்கள்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இவன் பேராசையை எப்படிக் காட்டுவது?

பாய்மரம்:
முதலில் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்.

இந்தத் தொழிலின் வரலாற்றைப் பல வருடமாகப் படித்துவருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து போன வேட்டைக் கப்பல்களில் மாலுமிக்கு மாதச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்குதான். புதிதாகச் சேரும் பையனுக்கு 175இல் ஒன்று, 200இல் ஒன்று என்றெல்லாம் பேசி ஏற்றுவார்கள். பயணமோ மூன்று, நான்கு வருடம். நடுவில் சட்டை கிழிந்தாலும் புகையிலை தீர்ந்தாலும் கப்பலில் உள்ள சரக்குப் பெட்டியிலிருந்துதான் வாங்கவேண்டும். கரையைவிட அதிக விலை வைத்து, பங்கில் பிடித்துக்கொள்வார்கள். இத்தனை வருடம் உழைத்துவிட்டுக் கடனோடு கரையிறங்கியவர்கள் உண்டு. படிக்கும்போதெல்லாம் மனசு கொதிக்கும்.

இதை ஒரே காட்சியாக எழுதுங்கள். பத்தொன்பது வயதுப் பையன் வணிகனின் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறான். தலைமுடியில் இன்னும் கொழுப்புப் புகை நாறுகிறது. (கப்பல் தளத்திலேயே செங்கல் அடுப்பு கட்டிக் கொழுப்பை உருக்குவார்கள், உருக்கி மிஞ்சிய சக்கைதான் அடுப்புக்கு எரிபொருள்.) வணிகன் அவனை உட்காரச் சொல்லி, அம்மா சுகமா என்று விசாரிக்கிறான். அப்புறம் விரல் வைத்து வரி வரியாகப் படிக்கிறான்: கம்பளிச் சட்டை இரண்டு, பூட்ஸ் ஒரு ஜோடி, கத்தி ஒன்று. குரல் உயரவே கூடாது. கூட்டிக் கழித்தால் பையன்தான் பணம் தரவேண்டியிருக்கிறது. "பரவாயில்லை தம்பி, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம்." தான் நியாயஸ்தன் என்று அவன் மனசார நம்பவேண்டும். அப்போதுதான் வாசகருக்குப் பயம் வரும்.

ஆழி:
பாய்மரம் சொன்னது சரி. கதையின் உச்சத்துக்கு 1871ஐப் பாருங்கள். அலாஸ்காவின் வடக்குக் கடலில், பனி மூடப்போகிறது என்று அங்குள்ள பழங்குடி மக்கள் எச்சரித்தும் வேட்டைக் கப்பல்கள் கிளம்பவில்லை. 33 கப்பல்கள் சிக்கிக்கொண்டன. 1,200க்கும் மேற்பட்டவர்கள் சிறு படகுகளில் தப்பி வந்தார்கள். பனிக்கு வெளியே நின்ற 7 கப்பல்கள், தாங்கள் பிடித்த சரக்கைக் கடலில் கொட்டிவிட்டு இவர்களை ஏற்றிக்கொண்டன. ஒருவர்கூடச் சாகவில்லை.

உங்கள் வணிகனின் கப்பல் அந்த ஏழில் ஒன்றாக இருந்தால்?

உப்புக்காற்று:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிட்டேன். காப்பாற்றப்பட்ட அறுபது பேர் துறைமுகத்தில் நிற்கிறார்கள். வணிகன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறான். கொட்டிய எண்ணெயை எத்தனை பேர் தலையில் பிரித்துப் போடுவது என்று அவனுக்குத் தெரியவேண்டுமே.